ஸ்கஸி கண்ட்ரோலர் கார்டு: லினக்ஸ் கணினிக்குத் தேர்வதும் பழுது காண்பதும்

ஸ்கஸியின் இடம்

ஹார்டு டிஸ்க், டேப் டிரைவ், ஸ்கேனர் போன்ற சாதனங்கள் கணினியோடு பேசுவதற்கான தரநிலைகளில் ஒன்று ஸ்கஸி. அதற்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ‘படி’, ‘எழுது’, ‘நிலையைச் சொல்’ என்பன போன்ற கட்டளைகளின் தொகுதி. மற்றொன்று, அந்தக் கட்டளைகளைச் சுமந்து செல்லும் கம்பித் தடம். ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் சாசி என்ற இணைப்புமுறையிலிருந்து வளர்ந்த ஸ்கஸி, 1986இல் அமெரிக்கத் தேசியத் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதன்பின் கம்பித் தடம் பலமுறை அடியோடு மாறிவிட்டது. கட்டளைத் தொகுதியோ பழையதன் மேலேயே வளர்ந்து வந்திருக்கிறது. லினக்ஸில் சாட்டா டிஸ்க்கும் யுஎஸ்பி பென் டிரைவும்கூட எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் பெறுவதன் காரணம் இதுதான்: கெர்னல் அவற்றையும் தன் ஸ்கஸி அடுக்கின் வழியாகவே கையாள்கிறது.

தனியாக ஒரு ஸ்கஸி கார்டு வாங்க வேண்டிய தேவை இரண்டு வகையில் எழுகிறது. பழைய டேப்பில் உள்ள காப்புப் பிரதியைப் படிப்பது, ஃபிலிம் ஸ்கேனரையோ ஆய்வுக்கூடக் கருவியையோ தொடர்ந்து இயக்குவது, பழைய சர்வரின் டிஸ்க்கிலிருந்து தரவை மீட்பது ஆகியவை முதல் வகை. இவற்றுக்குப் பல கம்பிகளில் ஒரே நேரத்தில் தரவு ஓடும் இணைநிலை ஸ்கஸி தேவை. புதிய சர்வரில் பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது இரண்டாம் வகை. அதற்கு ஸ்கஸியின் தொடர்நிலை வாரிசான எஸ்ஏஎஸ் தேவை. இரண்டுக்கும் கார்டும் கேபிளும் வேறு. லினக்ஸில் பழுது காணும் முறை மட்டும் பெரும்பாலும் ஒன்றே.

இந்த அத்தியாயத்தில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் எழுத்தெழுத்தாகவோ ஒலிப்படியோ தமிழில் தரப்படுகின்றன. தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றி இட வேண்டும்; சிஸ் கோப்பகத்தில் இரண்டு சொற்களாக வரும் பெயர்களில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இட வேண்டும்.

தடத்தின் வகைகள்

இணைநிலை ஸ்கஸி கார்டைத் தேர்வதற்கு முன் சாதனம் எந்த மின்முறையில் இயங்குகிறது என்பதை உறுதி செய்ய வேண்டும். மின்முறைகள் மூன்று.

முதலாவது எஸ்இ. ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஒரு கம்பி. மின்னழுத்தம் தரைக்கம்பியோடு ஒப்பிட்டு அளக்கப்படும். தொடக்ககால ஸ்கஸி முதல் அல்ட்ரா வரையிலான சாதனங்களில் பெரும்பாலானவை இந்த வகை. இரண்டாவது எல்விடி. ஒவ்வொரு சமிக்ஞைக்கும் இரண்டு கம்பிகள். அவற்றுக்கிடையிலான சிறிய மின்னழுத்த வேறுபாடுதான் செய்தி. அல்ட்ரா2, அல்ட்ரா160, அல்ட்ரா320 ஆகியவை முழு வேகத்தில் ஓட இந்த மின்முறை வேண்டும். மூன்றாவது எச்விடி. இதுவும் இரட்டைக் கம்பி முறைதான், ஆனால் மின்னழுத்தம் அதிகம். பழைய டேப் நூலகங்களிலும் பெரிய சர்வர்களிலும் காணப்படும்.

எல்விடி சாதனங்களில் மிகப் பல எஸ்இ தடத்திலும் வேலை செய்யும். ஆனால் ஒரே தடத்தில் ஒரு எஸ்இ சாதனம் நுழைந்தாலும் தடம் முழுவதும் எஸ்இ முறைக்கு இறங்கிவிடும். வேகமும் கூடவே இறங்கும். எச்விடி சாதனத்தை மற்ற இரண்டோடும் ஒரே கேபிளில் கலக்கவே கூடாது. கார்டோ சாதனமோ பழுதாகும் அபாயம் உண்டு. கனெக்டர்கள் ஒரே வடிவில் இருப்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. சாதனத்தின் பின்புறம் அச்சிட்ட வைர வடிவ ஸ்கஸி குறியையும் அதனருகே உள்ள எழுத்துகளையும் படித்தே முடிவெடுக்க வேண்டும்.

தலைமுறை வாரியாக உச்ச வேகம் வினாடிக்கு இவ்வாறு அமைகிறது:

- ஸ்கஸி-1, 8 பிட்: 5 எம்பி
- ஃபாஸ்ட், 8 பிட்: 10 எம்பி, ஃபாஸ்ட் வைட், 16 பிட்: 20 எம்பி
- அல்ட்ரா, 8 பிட்: 20 எம்பி; அல்ட்ரா வைட், 16 பிட்: 40 எம்பி
- அல்ட்ரா2 வைட்: 80 எம்பி
- அல்ட்ரா160: 160 எம்பி
- அல்ட்ரா320: 320 எம்பி

இந்த வேகம் தடத்தில் உள்ள எல்லாச் சாதனங்களும் பகிர்ந்துகொள்வது. ஒரு டிஸ்க்குக்கு மட்டும் உரியதல்ல.

கார்டைத் தேர்தல்

தேர்வு சாதனத்தில் தொடங்கி, ஸ்லாட் வழியாக, டிரைவரில் முடிய வேண்டும். கார்டின் விலையிலோ வேக எண்ணிலோ தொடங்கினால், வாங்கிய கார்டுக்காக இணைப்பிகளும் மாற்றிகளும் வாங்கிக்கொண்டே இருக்க நேரும்.

சாதனம்: மின்முறை, கனெக்டர், உண்மையில் தேவைப்படும் வேகம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கனெக்டர்களில் 50 முள், 68 முள், 80 முள் என வகைகள் உண்டு. 80 முள் வகை சர்வரின் பின்பலகையில் நேரடியாகச் செருகுவதற்கானது. அதில் மின்சாரமும் தரவும் சாதனத்தின் அடையாள எண்ணான ஐடியும் ஒரே கனெக்டரில் வருகின்றன. வேகத்தைக் கணிக்க டேப் டிரைவ் நல்ல எடுத்துக்காட்டு. எல்டிஓ-2 டிரைவ் சுருக்கமில்லாத தரவை வினாடிக்கு 40 எம்பி வேகத்தில் எழுதும். எல்டிஓ-3 வகை 80 எம்பி வேகத்தில் எழுதும். தரவு இதைவிட மிகவும் மெதுவாக வந்தால் டேப் நின்று, பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் ஓடத் தொடங்கும். அந்த முன்பின் ஓட்டம் டேப்பையும் ஹெட்டையும் தேய்க்கும். ஆகவே டேப் டிரைவுக்கு வேகம் குறைந்த கார்டு போடுவது நேர இழப்போடு முடிவதில்லை.

ஸ்லாட்: சாதாரண 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ ஸ்லாட் வினாடிக்கு 133 எம்பிக்கு மேல் தராது, அதையும் மற்ற பிசிஐ கார்டுகளோடு பகிர வேண்டும். அந்த ஸ்லாட்டில் அல்ட்ரா160 கார்டு வேலை செய்யும், ஆனால் முழு வேகம் எட்டாது. 64 பிட், 66 மெகாஹெர்ட்ஸ் ஸ்லாட் 533 எம்பி தரும். 133 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ-எக்ஸ் ஸ்லாட் 1066 எம்பி வரை தரும். புதிய மதர்போர்டுகளில் இவை எதுவும் இராது. பிசிஐ எக்ஸ்பிரஸ் மட்டுமே இருக்கும். அங்கே அடாப்டெக் 29320எல்பிஇ, எல்எஸ்ஐ 20320ஐஇ போன்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் அல்ட்ரா320 கார்டுகளைத் தேட வேண்டும். இவை இரண்டாம் கைச் சந்தையில்தான் கிடைக்கும். பழைய பிசிஐ கார்டானால், அதன் விளிம்பில் உள்ள வெட்டு 5 வோல்ட் ஸ்லாட்டுக்கா, 3.3 வோல்ட் ஸ்லாட்டுக்கா, இரண்டுக்குமா என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

டிரைவர்: லினக்ஸில் கார்டின் வணிகப் பெயரைவிட அதன் சிப் முக்கியம். ஒரே சிப் வெவ்வேறு நிறுவனப் பெயர்களில் விற்கப்பட்டிருக்கிறது. டிரைவர் சிப்புக்குத்தான் எழுதப்படுகிறது. அதிகம் புழங்கும் குடும்பங்கள் இவை:

- அடாப்டெக் 2940, 29160, 39160 வரிசை: ஏஐசி7எக்ஸ்எக்ஸ்எக்ஸ் டிரைவர்
- அடாப்டெக் 29320, 39320 வரிசை: ஏஐசி79எக்ஸ்எக்ஸ் டிரைவர்
- சிம்பயாஸ் மற்றும் எல்எஸ்ஐ 53சி8எக்ஸ்எக்ஸ், 53சி1010 சிப்புகள்: சிம்53சி8எக்ஸ்எக்ஸ் டிரைவர்
- எல்எஸ்ஐ 53சி1020, 53சி1030 சிப்புகள்: எம்பிடிஎஸ்பிஐ டிரைவர்
- கியூலாஜிக் 1080, 1280, 12160 சிப்புகள்: கியூஎல்ஏ1280 டிரைவர்

கெர்னலின் மூல நிரலில் டிரைவர் இருந்தாலும், பயன்படுத்தும் வெளியீட்டில் அது இருக்கும் என்று கொள்ள முடியாது. உபுண்டுவில் அதிகம் பயன்படாத டிரைவர்கள் பல, கூடுதல் மாட்யூல் பொதி ஒன்றில் தனியாக வைக்கப்படுகின்றன. டெபியனின் கிளவுட் கெர்னலில் நிஜ வன்பொருளுக்கான டிரைவர்கள் பெருமளவு விடப்பட்டிருக்கும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தபோது பழைய சேமிப்புக் கார்டுகள் பலவற்றின் ஆதரவு நீக்கப்பட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன், கார்டின் பிசிஐ எண் புதிய பதிப்பின் ஆதரவுப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம். மாற்றியபின் டிஸ்க் காணாமல் போனால் திரும்பிச் செல்லும் வழியும் அந்த டிஸ்க்கிலேயே அடைபட்டிருக்கும்.

டேப் டிரைவுக்கும் ஸ்கேனருக்கும் ரெய்டு கார்டு வேண்டாம். ரெய்டு கார்டு தன் டிஸ்க்குகளைத் தானே நிர்வகித்து, அவற்றின் தொகுப்பை மட்டும் கெர்னலுக்குக் காட்டுகிறது. மற்றச் சாதனங்கள் அதன் வழியாகச் சரியாக வந்து சேர்வதில்லை. கட்டளைகளை அப்படியே கடத்தும் எளிய கார்டே இவற்றுக்குப் பொருத்தம்.

எஸ்ஏஎஸ் கார்டுகள்

எஸ்ஏஎஸ் முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி இணைப்பு. இணைநிலை ஸ்கஸியில் உள்ள ஐடி, டெர்மினேஷன் தொல்லைகள் (அவை பின்னால் விளக்கப்படும்) இல்லை. தலைமுறைகள் வினாடிக்கு 3, 6, 12 ஜிகாபிட் என வளர்ந்தன. எஸ்ஏஎஸ் கார்டில் சாட்டா டிஸ்க்கை இணைக்கலாம். சாட்டா போர்ட்டில் எஸ்ஏஎஸ் டிஸ்க்கை இணைக்க முடியாது.

இரண்டாம் கைச் சந்தையில் அதிகம் கிடைப்பவை எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்1068இ, எஸ்ஏஎஸ்2008, எஸ்ஏஎஸ்3008 சிப் கொண்ட கார்டுகள். முதலாவதை எம்பிடிஎஸ்ஏஎஸ் டிரைவரும், மற்ற இரண்டையும் எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவரும் இயக்குகின்றன. எஸ்ஏஎஸ்1068இ சிப் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கின் முழுக் கொள்ளளவைக் காட்டாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெரிய டிஸ்க்குகளுக்கு அது உதவாது.

ஒரே கார்டு இரண்டு வகை ஃபர்ம்வேரில் கிடைப்பதும் உண்டு. ஐடி (IT; சாதன எண்ணான ஐடி அல்ல) வகை ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாகக் கெர்னலுக்குக் காட்டும். ஐஆர் வகை கார்டிலேயே ரெய்டு அமைக்கும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு, இசட்எஃப்எஸ் ஆகியவற்றோடு பயன்படுத்த ஐடி வகையே ஏற்றது. இந்தக் கார்டுகள் சர்வரின் வலுவான காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. சாதாரண டெஸ்க்டாப் பெட்டியில் வைத்தால் ஹீட்சிங்க் மிகவும் சூடேறி, சில மணி நேரத்துக்குப்பின் காரணம் தெரியாத பிழைகள் தோன்றும். கார்டின்மேல் ஒரு சிறிய விசிறி பொருத்துவது நல்லது.

கேபிளில் ஒரு பொறி உண்டு. கார்டின் நான்கு வழிக் கனெக்டரிலிருந்து நான்கு சாட்டா கனெக்டர்களாகப் பிரியும் கேபிள் இரண்டு வகை. ஒன்று கார்டிலிருந்து டிஸ்க்குகளுக்குப் போவது. மற்றொன்று மதர்போர்டின் நான்கு சாட்டா போர்ட்டுகளிலிருந்து பின்பலகைக்குப் போவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தவறான வகையில் டிஸ்க் எதுவுமே தெரியாது.

பொருத்துதல்: ஐடி, டெர்மினேஷன், கேபிள்

இணைநிலை ஸ்கஸியில் நேரும் கோளாறுகளில் பெரும்பங்கு மென்பொருளில் இல்லை. இந்த மூன்றில் இருக்கிறது. பொருத்தும்போது செலவிடும் அரைமணி நேரம் பின்னால் பல நாள் தேடலைத் தவிர்க்கும்.

8 பிட் தடத்தில் 0 முதல் 7 வரை எட்டு ஐடிகள். 16 பிட் தடத்தில் 0 முதல் 15 வரை பதினாறு. கார்டு வழக்கமாக 7ஐ எடுத்துக்கொள்ளும், ஏனெனில் முன்னுரிமையில் 7தான் முதலிடம். அதற்கடுத்து 6 முதல் 0 வரை, பின் 15 முதல் 8 வரை. தாமதம் தாங்காத டேப் டிரைவுக்கு உயர்ந்த ஐடியும் டிஸ்க்குகளுக்குத் தாழ்ந்தவையும் தருவது வழக்கம். ஜம்பர்கள் 1, 2, 4, 8 என்ற மதிப்புகளைக் கூட்டி ஐடியைத் தரும்: 1க்கும் 4க்கும் உரிய ஜம்பர்களைப் போட்டால் ஐடி 5. இரண்டு சாதனங்கள் ஒரே ஐடியில் இருக்கக் கூடாது.

டெர்மினேட்டர் என்பது தடத்தின் முனையில் சமிக்ஞையை உறிஞ்சிக்கொள்ளும் மின்தடைத் தொகுதி. அது இல்லாவிட்டால் சமிக்ஞை முனையில் மோதித் திரும்பி வந்து, அடுத்த சமிக்ஞையைக் குலைக்கும். விதி ஒன்றே: தடத்தின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று; நடுவில் எதுவும் இல்லை. கார்டு ஒரு முனையில் இருந்தால் அதன் டெர்மினேஷன் இயங்க வேண்டும். கார்டின் உள்ளேயும் வெளியேயும் கேபிள் போனால் கார்டு நடுவில் வந்துவிடுகிறது. அப்போது அதன் டெர்மினேஷனை நிறுத்திவிட வேண்டும். பழைய டெர்மினேட்டர்கள் 220, 330 ஓம் மின்தடைகள் மட்டும் கொண்டவை. மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் சுற்றோடு 110 ஓம் மின்தடைகள் கொண்டவை மேலான வகை. ஃபாஸ்ட் வேகத்துக்கு மேல் இந்த மேலான வகையே நம்பகமானது. எல்விடி தடத்துக்கு எல்விடி டெர்மினேட்டரே வேண்டும். அல்ட்ரா2க்குப் பிந்தைய டிஸ்க்குகளில் உள்ளமைந்த டெர்மினேட்டர் கிடையாது; ஆகவே கேபிளின் கடைசிக் கனெக்டரில் தனி டெர்மினேட்டரைச் செருக வேண்டும்.

டெர்மினேட்டருக்கு மின்சாரம் கேபிளிலேயே ஒரு கம்பி வழியாக வருகிறது. வழக்கமாகக் கார்டு ஒரு ஃபியூஸ் வழியாக அதைத் தருகிறது. அந்த ஃபியூஸ் போனால் கேபிளும் ஐடியும் டெர்மினேட்டரும் சரியாக இருந்தும் தடம் தாறுமாறாக நடக்கும். மல்டிமீட்டர் வைத்து அந்தக் கம்பியில் 5 வோல்ட்டுக்கு அருகில் வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

16 பிட் தடத்தின் முனையில் 8 பிட் சாதனத்தை மாற்றி வழியாக இணைக்கும்போது இன்னொரு சிக்கல் எழும். சாதனம் தாழ்ந்த 8 பிட்டுகளை மட்டும் டெர்மினேட் செய்யும். உயர்ந்த 8 பிட்டுகள் திறந்தே கிடக்கும். அவற்றை டெர்மினேட் செய்யும் மாற்றியைத் தேர்ந்து வாங்க வேண்டும். அடாப்டெக் 2940 அல்ட்ரா வைட் கார்டில் உள்ள மூன்று கனெக்டர்களில் ஒரே நேரத்தில் இரண்டை மட்டுமே பயன்படுத்தலாம். மூன்றையும் பயன்படுத்தினால் தடம் மூன்று கிளையாகிவிடும். கிளை பிரிந்த தடத்துக்கு இரண்டு முனை என்ற விதி பொருந்தாது.

கேபிள் நீளம் எஸ்இ முறையில் கண்டிப்பானது: ஸ்கஸி-1க்கு 6 மீட்டர், ஃபாஸ்டுக்கு 3 மீட்டர். அல்ட்ராவுக்கு நான்கு சாதனம் வரை 3 மீட்டர், அதற்கு மேல் 1.5 மீட்டர். எல்விடி முறையில் 12 மீட்டர் வரை போகலாம். உள்ளே உள்ள கேபிளும் வெளியே உள்ள கேபிளும் சேர்ந்ததே இந்த நீளம். சாதனங்களைக் கழற்றுவதும் மாட்டுவதும் மின்சாரத்தை நிறுத்தியபின்தான் நடக்க வேண்டும். 80 முள் பின்பலகை மட்டுமே விதிவிலக்கு. வெளிச் சாதனங்களை முதலில் இயக்கி, பிறகு கணினியை இயக்க வேண்டும்.

பழுது காணும் வரிசை

கோளாறு வந்ததும் பல இடங்களில் ஒரே நேரத்தில் கைவைப்பது காரணத்தை மறைத்துவிடும். கீழ்வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்டு, ஒன்றுக்கு ‘ஆம்’ கிடைத்தபின் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

*கணினி கார்டைக் காண்கிறதா?* இயக்கியவுடன் கார்டின் சொந்த பயாஸ் திரையில் தோன்றி, கண்டுபிடித்த சாதனங்களைப் பட்டியலிடும். அடாப்டெக் கார்டுகளில் கண்ட்ரோல்-ஏ விசைகளும், எல்எஸ்ஐ கார்டுகளில் கண்ட்ரோல்-சி விசைகளும் அமைப்புத் திரையைத் திறக்கும். அங்கே சாதனம் தெரியாவிட்டால் கோளாறு லினக்ஸில் இல்லை. கேபிள், ஐடி, டெர்மினேஷன், மின்சாரம் ஆகியவற்றுக்குத் திரும்ப வேண்டும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டே தெரியவில்லை என்றால் வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். கார்டின் தங்கப் பூச்சு முனைகளைத் துடைப்பதும் உதவும்.

*டிரைவர் ஏறியதா?* எல்எஸ்பிசிஐ கட்டளையோடு, முன்னால் சிறுகோடு இட்டு, என்என்கே என்ற விருப்பத்தைச் சேர்த்தால், கார்டின் பிசிஐ எண்ணும் அதை இயக்கும் டிரைவரின் பெயரும் தெரியும். டிரைவர் பெயர் வரி இல்லாவிட்டால் மாட்ப்ரோப் கட்டளையால் அதை ஏற்றிப் பார்க்க வேண்டும். மாட்யூல் இல்லை என்று பதில் வந்தால் கெர்னல் பொதியையே மாற்ற வேண்டும். டிரைவர் ஏறியும் முதல் கட்டளையிலேயே எல்லாச் சாதனங்களும் காலாவதிப் பிழை தந்தால் சந்தேகம் குறுக்கீட்டு எண்மீது விழ வேண்டும். ப்ராக் கோப்பகத்தில் உள்ள இண்டரப்ட்ஸ் கோப்பில் கார்டுக்கு எதிரே உள்ள எண்ணிக்கை ஏறாமல் நின்றால் அது உறுதியாகும். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுவது முதல் மருந்து. பயாஸைப் புதுப்பிப்பது அடுத்தது.

*சாதனம் தெரிகிறதா?* எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ கட்டளை ஒவ்வொரு சாதனத்தையும் நான்கு எண்களோடு காட்டும்: கார்டு, சேனல், ஐடி, லன் (ஒரே ஐடிக்குள் உள்ள உட்பிரிவின் எண்). டிஸ்க் எஸ்டி (sd) என்றும், டேப் தமிழில் அதேபோல் ஒலிக்கும் எஸ்டி (st) என்றும், சிடி எஸ்ஆர் (sr) என்றும் பெயர் பெறும். ஸ்கேனருக்கு எஸ்ஜி என்ற பொதுப் பெயர் மட்டும் கிடைக்கும்; டேப் மாற்றியையும் அந்தப் பொதுப் பெயரால் அணுகலாம். ஸ்கேனர் மென்பொருளான சேன் இந்த எஸ்ஜி கோப்பையே திறக்கிறது. ஆகவே பயனருக்கு அதன்மேல் அனுமதி இருக்க வேண்டும். புதிதாக இணைத்த சாதனத்தைத் தேட, சிஸ் கோப்பகத்தின் எஸ்சிஎஸ்ஐ ஹோஸ்ட் பிரிவில் உள்ள ஸ்கேன் கோப்பில் இடைவெளி விட்டு மூன்று சிறுகோடுகளை எழுதினால் போதும், மறுதொடக்கம் தேவையில்லை.

பட்டியலின் தோற்றமே பல நேரங்களில் காரணத்தைச் சொல்லிவிடும். ஒரே சாதனம் எல்லா ஐடிகளிலும் தெரிந்தால், அதன் ஐடி கார்டின் ஐடியோடு மோதுகிறது. இரண்டு சாதனங்களில் ஒன்று மாறி மாறித் தெரிந்தால் அவற்றின் ஐடிகள் ஒன்று. டேப் நூலகத்தில் டிரைவ் மட்டும் தெரிந்து டேப் மாற்றி தெரியாவிட்டால், லன் 1 தேடப்படாமல் இருக்கலாம். டிஸ்க் தெரிந்தும் கொள்ளளவு சுழியம் என்றால், கெர்னல் பதிவில் 520 பைட் செக்டர் பற்றிய வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய சேமிப்பு அமைப்புகளிலிருந்து கழற்றி விற்கப்படும் டிஸ்க்குகளில் இது சகஜம். எஸ்ஜி3 கருவித் தொகுப்பின் ஃபார்மேட் கட்டளையால் 512 பைட்டாக மாற்றலாம். அது டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழிக்கும். பல மணி நேரமும் எடுக்கும்.

*வேகம் ஒத்துப்போனதா?* இணைநிலை ஸ்கஸியில் கார்டும் சாதனமும் பேசி ஒரு வேகத்தை முடிவு செய்கின்றன. டிஎம்இஎஸ்ஜி கட்டளை தரும் கெர்னல் பதிவில் முடிவான வேகம் எம்பி கணக்கில் இருக்கும். அல்ட்ரா320 கார்டும் டிஸ்க்கும் 320க்குப் பதில் 40இல் நின்றால், சிஸ் கோப்பகத்தின் எஸ்பிஐ ஹோஸ்ட் பிரிவில் உள்ள சிக்னலிங் கோப்பைப் படிக்க வேண்டும். எஸ்இ என்று இருந்தால் தடத்தில் எங்கோ ஒரு எஸ்இ சாதனமோ எஸ்இ டெர்மினேட்டரோ இருக்கிறது. எல்விடி என்று இருந்தும் வேகம் குறைந்தால், டொமைன் வேலிடேஷன் என்னும் தொடக்கச் சோதனையில் தரவு சிதைந்து, கெர்னல் வேகத்தைத் தானே குறைத்திருக்கும். பதிவில் அது குறிக்கப்பட்டிருக்கும். கேபிளை மாற்றுவதே அதற்குத் தீர்வு. கேபிள் மாற்றும்வரை கார்டின் பயாஸில் வேகத்தை ஒரு படி இறக்கி வைப்பது தரவைக் காக்கும்.

பிழைச் செய்தி யாரைக் குற்றம் சாட்டுகிறது?

எல்லாம் தெரிந்து, இயங்கி, இடையிடையே பிழை வருவதுதான் மிகக் கடினமான நிலை. அங்கே தீர்க்க வேண்டிய கேள்வி: பழுது டிஸ்க்கிலா, வழியிலா? இதைப் பிரித்தறியாமல் நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போவதும், சாகும் டிஸ்க்கைக் கேபிள் பழுது என்று வைத்திருந்து தரவை இழப்பதும் நேர்கின்றன.

ஒரு கட்டளை தோற்றால் சாதனம் சென்ஸ் கீ என்ற காரண எண்ணைத் திருப்பித் தரும். கெர்னல் அதைச் சொற்களாகப் பதிவு செய்யும். முக்கியமானவை இவை:

- நாட் ரெடி: டிஸ்க் இன்னும் சுழலத் தொடங்கவில்லை, அல்லது டேப் செருகப்படவில்லை. தாமதமாகச் சுழலச் செய்யும் ஜம்பர் போடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.
- மீடியம் எரர்: தட்டிலோ டேப்பிலோ பழுது. வழிமீது குற்றமில்லை. உடனே தரவை நகலெடுக்க வேண்டும்.
- ஹார்டுவேர் எரர்: சாதனத்தின் உள்ளுறுப்பு பழுது. டிஸ்க்கை மாற்ற வேண்டும்.
- இல்லீகல் ரிக்வெஸ்ட்: சாதனத்துக்குப் புரியாத கட்டளை. பெரும்பாலும் தீங்கற்றது.
- யூனிட் அட்டென்ஷன்: சாதனம் ரீசெட் ஆனதாகவோ டேப் மாற்றப்பட்டதாகவோ அறிவிப்பு. ஒருமுறை வந்தால் இயல்பு. அடிக்கடி வந்தால் மின்சாரத்தைச் சோதிக்க வேண்டும்.
- அபார்டட் கமாண்ட்: கட்டளை பாதியில் கைவிடப்பட்டது. கூடவே பாரிட்டி பிழை என்று வந்தால் கேபிள் அல்லது டெர்மினேஷன்.

சென்ஸ் கீ எதுவுமே இல்லாமல் காலாவதி மட்டும் வந்தால், சாதனம் பதிலே சொல்லவில்லை என்று பொருள். கெர்னல் ஒரு டிஸ்க் கட்டளைக்கு வழக்கமாக 30 வினாடி காத்திருக்கும். பிறகு கட்டளையைக் கைவிடச் சொல்லும், பயனில்லை என்றால் சாதனத்தை ரீசெட் செய்யும், அடுத்துத் தடத்தை, கடைசியில் கார்டையே. எல்லாம் தோற்றால் சாதனத்தை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும். அடாப்டெக் டிரைவர் இந்த நேரத்தில் கார்டின் நிலை முழுவதையும் பக்கம் பக்கமாகப் பதிவில் கொட்டும். அதைக் கண்டு டிரைவர் பழுது என்று முடிவு செய்யக் கூடாது. அதற்கு முந்தைய வரிகளில்தான் முதல் பிழை இருக்கும்.

ஒரே ஐடியில் மட்டும் பிழை வந்தால் சந்தேகம் அந்தச் சாதனம்மீது. பல ஐடிகளில் வந்தால் கேபிள், டெர்மினேஷன், டெர்மினேட்டர் மின்சாரம், கார்டு என்ற வரிசையில் தேட வேண்டும். பளு ஏறும்போது மட்டும் வந்தால், ஒரே நேரத்தில் டிஸ்க்குக்கு அனுப்பப்படும் கட்டளைகளின் எண்ணிக்கையைச் சிஸ் கோப்பகத்தின் க்யூ டெப்த் கோப்பில் குறைத்துப் பார்க்கலாம். பழைய டிஸ்க்குகளில் சில, வரிசை நீளும்போது தடுமாறும். எண்ணிக்கையைக் குறைத்தபின் பிழை நின்றால் காரணம் தெரிந்துவிட்டது; நிற்காவிட்டால் பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும்.

ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை இரண்டாவது சாட்சி. அதில் வளர்ந்த பழுதுப் பட்டியலின் எண்ணிக்கை வாரம் தோறும் ஏறினால் டிஸ்க் தேய்கிறது. தட்டு சாராப் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறினால் வழியை முதலில் பார்க்க வேண்டும். எஸ்ஏஎஸ் கார்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் செல்லாத சொற்கள், ஒத்திசைவு இழப்பு ஆகியவற்றின் எண்ணிக்கையைச் சிஸ் கோப்பகத்தின் எஸ்ஏஎஸ் ஃபை பிரிவு காட்டும். டிஸ்க்கை வேறு இடத்துக்கு மாற்றியும் எண்ணிக்கை பழைய இணைப்பிலேயே ஏறினால் கேபிளோ பின்பலகையோ குற்றவாளி; டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க்.

தொடங்கும் டிஸ்க் ஸ்கஸியில் இருந்தால்

கார்டை மாற்றியபின் கணினி தொடங்காமல் நிற்பது அடிக்கடி காணும் நிலை. கெர்னல் தன் மூல டிஸ்க்கை அடைவதற்கே கார்டின் டிரைவர் வேண்டும். ஆனால் டிரைவர் அதே டிஸ்க்கில் இருக்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தொடக்கப் படிமம் இருக்கிறது. புதிய கார்டின் டிரைவர் அதற்குள் இருக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் இனிட்ராம்எஃப்எஸ் கருவியின் மாட்யூல்ஸ் கோப்பில் டிரைவர் பெயரைச் சேர்த்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை இயக்க வேண்டும். ஃபெடோராவிலும் ரெட் ஹாட்டிலும் ட்ராகட் கட்டளை அதே பணியைச் செய்யும். இதைப் பழைய கார்டு இன்னும் வேலை செய்யும்போதே முடித்துவிட வேண்டும்.

எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் கண்டுபிடிக்கப்படும் வரிசையில் கிடைப்பவை. கார்டு மாறினால் அவையும் மாறும். ஆகவே எஃப்எஸ்டேப் கோப்பிலும் துவக்கி அமைப்பிலும் மாறாத அடையாளமான யுயுஐடியை எழுத வேண்டும். டேப் டிரைவுகளுக்கும் சாதனக் கோப்பகத்தில் தொடர் எண் கொண்ட நிலையான பெயர்கள் உண்டு. காப்புப் பிரதி நிரல்களில் அவற்றையே இட வேண்டும்.

நல்ல நாளின் பதிவு

எல்லாம் சரியாக இயங்கும் நாளில் டிஎம்இஎஸ்ஜி, எல்எஸ்பிசிஐ, எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ, ஸ்மார்ட்சிடிஎல் ஆகியவற்றின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, வேறு கணினியில் வைக்க வேண்டும். கூடவே ஒரு தாளில் தடத்தின் படம் வரைந்து, ஒவ்வொரு சாதனத்தின் ஐடி, டெர்மினேட்டர் உள்ள இடம், கேபிளின் நீளம் ஆகியவற்றைக் குறித்துப் பெட்டியின் உட்புறம் ஒட்ட வேண்டும். கோளாறு வரும் நாளில் புதிய வெளியீட்டைப் பழையதோடு ஒப்பிட்டால், மாறியது எது என்பது சில நிமிடங்களில் தெரியும். மேலே சொன்ன வரிசையில் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது என்பதை அந்த வேறுபாடே காட்டும்.